டவர் படுத்த பிறகு பேசும் ரேடியோ

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை சென்னையில் கொட்டியபோது முதலில் தண்ணீர் வந்தது, அடுத்து கரண்ட் போனது, கொஞ்ச நேரம் கழித்துப் பல இடங்களில் செல்போன் சிக்னலும் போனது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலிலும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே வரிசைதான். வடசென்னையின் எர்ணாவூரில் இருப்பவருக்கு இந்த வரிசை கூடுதல் கவலை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாறு. பூண்டி ஏரியைத் திறந்தால் அந்தத் தண்ணீரும் இந்தப் பக்கம்தான் வரும். இப்படி ஒரு ஊரில் போனும் செத்துவிட்டால் யார் யாருக்குத் தகவல் சொல்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் ஹாம் ரேடியோ. ஒரே பதில் இல்லை, ஆனால் நம்பத்தக்க பதில். அது என்ன, இங்கிருந்து எவ்வளவு தூரம் எட்டும், உங்களுக்கு அதில் என்ன பங்கு என்று பார்ப்போம். ரேடியோவைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், போன் ஏன் சாகிறது? உங்கள் கையிலுள்ள போன் நேராக இன்னொரு போனோடு பேசுவதில்லை. பக்கத்து டவரோடு பேசுகிறது. அந்த டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசல் வண்டி எப்படி வரும்? டவர் நன்றாக இருந்தாலும், அதை மற்ற இடங்களோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் எங்கோ அறுந்தால் கதை முடிந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் போன் போட்டால் லைன் கிடைக்காது.

ஹாம் ரேடியோவில் இப்படி நடுவில் யாரும் இல்லை. ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பும் அலை, நேராக மற்றவர் வீட்டுப் பெட்டிக்குப் போகிறது. இரண்டு முனையிலும் ஒரு பேட்டரி, ஒரு ஆன்டெனா, ஒரு ஆள் இருந்தால் போதும்.

யார் இந்த ஹாம்கள்? அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தக் காசில் செட் வாங்கி, காசு வாங்காமல் பேசுகிற தனி மனிதர்கள். மாணவர், ஓய்வு பெற்ற பொறியாளர், கடைக்காரர், யாராகவும் இருக்கலாம். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு கால் சைன் (அலையில் பேசும்போது சொல்ல வேண்டிய அடையாளக் குறி) தருகிறது. இந்தியர்களுடையது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். ராஜீவுடையது வி.யு.2 ஆர்.ஜி.

பொழுதுபோக்குக்காகப் பேசுகிறவர்கள் ஆபத்தில் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2004 டிசம்பரில் அந்தமானில் நடந்ததைக் கேளுங்கள். பல ஆண்டுகளாக ஹாம் பேச அனுமதியில்லாத தீவு அது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் சிறப்பு அனுமதி பெற்று போர்ட் பிளேர் போயிருந்தார்கள். நோக்கம் சுத்தமான பொழுதுபோக்கு: அந்தமானோடு பேசிவிட வேண்டும் என்று உலகெங்கும் காத்திருந்த ஹாம்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பது. டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது, கடல் ஏறியது, போன் அறுந்தது. விளையாட்டுக்காக நிறுத்திய அதே ஆன்டெனாவிலிருந்து அவர்கள் தீவுக்கும் தாய்நிலத்துக்கும் நடுவே செய்தி கடத்தத் தொடங்கினார்கள். உயிரோடிருக்கிறோம் என்ற சேதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இலங்கையிலும் அதே நாட்களில் விக்டர் குணதிலகவும் இலங்கை வானொலிச் சங்கத்தினரும் தெற்கே அம்பாந்தோட்டைக்கு ரேடியோவோடு போய், அங்கிருந்து கொழும்பில் பிரதமர் அலுவலகத்தோடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் பூகம்பம் இரண்டிலும் ஹாம்களின் உழைப்பு இருந்தது.

அந்தமான், இலங்கை இரண்டிலும் ஹாம்களிடம் செட் ஏற்கெனவே இருந்தது, அதை இயக்கப் பழகிய கை இருந்தது, மறுமுனையில் காது கொடுத்துக் கேட்கும் ஆள் இருந்தார். மூன்றும் ஆபத்து வருவதற்கு முன்பே தயார். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு ரேடியோ வாங்கக் கடைக்கு ஓடுவதில் பயனில்லை.

சரி, எர்ணாவூரிலிருந்து எவ்வளவு தூரம் எட்டும்? ஊருக்குள் பேச ஹாம்கள் அதிகம் பயன்படுத்துவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள். இவை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நிலத்தின் வளைவும் கட்டடங்களும் மறிக்கும். ஆகவே வாட் எவ்வளவு என்பதைவிட ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

தெருவில் நின்றுகொண்டு 5 வாட் கையடக்கச் செட்டில் பேசினால், வீடுகள் நெருங்கிய நம் பகுதியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. அதே செட்டை மாடியில் 12 மீட்டர் உயரத்தில் கட்டிய ஆன்டெனாவோடு இணைத்துப் பாருங்கள். மறுமுனையிலும் அதே உயரம் இருந்தால் கணக்குப்படி 28 கிலோமீட்டர் வரை எட்ட வேண்டும். பாதியளவே கிடைத்தாலும், மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை இருக்கும் சேப்பாக்கம் எழிலகம் இங்கிருந்து சுமார் 14 கிலோமீட்டர்தான். மணலியும் மீஞ்சூரும் அதைவிடப் பக்கம்.

எட்டும் என்பதால் கேட்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஒரு ஹாம் செட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். என் கணிப்பில் சென்னை ஹாம்கள் அதிகம் உழைக்க வேண்டிய இடம் இதுதான்: கருவி அல்ல, கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி. அதிகாரிகளுக்கு இவர்கள் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளத்தன்று கையில் ஆன்டெனாவோடு வாசலில் வந்து நிற்கும் ஆளைக் காவலர் உள்ளே விடமாட்டார். விடாததில் தவறும் இல்லை.

ரிப்பீட்டர் என்று ஒன்று இருக்கிறதாமே, அது எதற்கு? உயரமான கட்டடத்திலோ மலையிலோ வைக்கப்படும் எதிரொலிப்பான் அது (வருகிற குரலை வாங்கி, வலுவாக்கி, வேறு அலைவரிசையில் உடனே திருப்பி அனுப்பும் பெட்டி). கையடக்கச் செட்டில் பேசுபவரின் குரலும் அதன் வழியாக நகரம் முழுக்கக் கேட்கும். வசதிதான். ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும். அதுவும் டவரைப் போல ஒரு நாள் படுக்கலாம். ஆகவே பொறுப்பான ஹாம் குழு வாரத்துக்கு ஒரு முறையாவது ரிப்பீட்டரை விட்டுவிட்டு, நேருக்கு நேர் பேசிப் பார்க்கிறது. யார் குரல் யாருக்குக் கேட்கிறது, எந்த மொட்டை மாடியிலிருந்து எந்தப் பகுதி எட்டவில்லை என்பதை அப்போதே குறித்துக்கொள்கிறது. இந்தப் பட்டியல் ஆயிரக்கணக்கான ரூபாய்க் கருவியைவிட மதிப்புள்ளது.

சென்னையே மூழ்கிவிட்டால்? வெளியூருக்குப் பேச வேறு அலைகள் உள்ளன. 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் வானத்தின் மேலடுக்கில் (சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலம்) பட்டுத் திரும்பி விழும். ஆன்டெனா கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே போய், சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் குடை விரித்தாற்போல இறங்கும். பகலில் வேலூர், திருச்சி, பெங்களூருவோடு பேச இது போதும். கம்பி சுமார் 20 மீட்டர் நீளம் வேண்டும். எதிரெதிர் மாடிகள் இரண்டுக்கு நடுவே கட்டிவிடலாம், எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருந்தால்!

நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு 7.110 மெகாஹெர்ட்ஸை ஆபத்துக்கால மைய அலைவரிசையாகப் பன்னாட்டு அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் குறித்து வைத்திருக்கிறது. தொலைதூரத்துக்கு 14.300. பேரிடர் நாட்களில் மற்ற ஹாம்கள் இந்த இடங்களை விட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

ஒரு சின்ன வேடிக்கை சொல்கிறேன். ஆலைகளும் மின்கம்பிகளும் சூழ்ந்த நம் பகுதியில் சாதாரண நாளில் இந்தச் சிற்றலைகளைக் கேட்பது பெரும்பாடு, அவ்வளவு இரைச்சல். ஊர் முழுக்கக் கரண்ட் போன இரவில் அந்த இரைச்சல் அடங்கிவிடும். அன்றைக்குத்தான் ரேடியோ தெளிவாகக் கேட்கும்.

கரண்டே இல்லாதபோது ரேடியோ எதில் ஓடும்? பெரும்பாலான செட்டுகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. பைக்கில் இருப்பது போன்ற 7 ஆம்பியர்-மணி பேட்டரியில், குறைந்த சக்தியில், அதிகம் கேட்டும் கொஞ்சமாகப் பேசியும் வந்தால் அரை நாள் ஓட்டலாம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் பல நாள். ஆனால் எர்ணாவூரில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். உங்கள் வீட்டில் ஹாம் இல்லாவிட்டாலும் அதை மேலே ஏற்றிவிடுங்கள். தெருவில் ஓடாமல் நிற்கும் ஆட்டோ, லோடு வண்டியின் பேட்டரியும் 12 வோல்ட்தான் என்பது ஹாமுக்குத் தெரியும்; வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் வேலை.

கடற்கரை ஊரில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. மாடியில் கட்டிய ஆன்டெனாவின் இணைப்பு முனை ஒரே பருவத்தில் பச்சை பூத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், அலை மட்டும் வெளியே போகாது. ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றுவதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரிலேயே கழற்றிப் பார்ப்பதும் இங்கே கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் ஆன்டெனாக் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம்: ரேடியோவில் செய்தி எப்படிப் போகிறது?

ரேடியோ குறுகலான சந்து. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடக்க முடியும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இரண்டுமே கேட்காது. அதனால் பலர் சேரும்போது ஒருவர் நெட் கன்ட்ரோல் ஆகிறார் (யார் எப்போது பேசலாம் என்று வரிசை சொல்லும் நடத்துநர்). மற்றவர்கள் அவர் கூப்பிடும் வரை வாய் திறப்பதில்லை. நாம் பழகிய வாட்ஸ்ஆப் குழுவுக்கு நேர் எதிர் ஒழுங்கு. பழக்கமில்லாதவருக்குக் கஷ்டம், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமே நடக்காதபோதும் கூடிப் பழகுகிறார்கள்.

ஒரு செய்தியைச் சொல்லி, எதிர்முனையில் எழுதி, திருப்பி வாசித்து, சரி பார்க்க இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு முப்பது செய்திகள்தான். எர்ணாவூரில் எத்தனை குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே எது முதலில் போக வேண்டும் என்ற தரம் பிரிப்பு தவிர்க்க முடியாதது. உயிர் ஆபத்து முதலில். மருந்து, படகு, உணவு போன்ற நிவாரணத் தேவை அடுத்து. நலமாக இருக்கிறோம் என்ற சேதி கடைசியில். உங்கள் சேதி ஆறு மணி நேரம் காத்திருந்தால் ஹாம்மீது கோபப்படாதீர்கள். அலட்சியமல்ல, வரிசை.

நீங்கள் ஹாமிடம் ஓடிப் போய், "சார், எங்க ஏரியா ஃபுல்லா தண்ணி, ஜனங்க மாட்டிக்கிட்டாங்க, சீக்கிரம் யாரையாவது வரச் சொல்லுங்க" என்றால் அவர் என்ன அனுப்புவார்? எந்த ஏரியா, எத்தனை பேர், என்ன உதவி, எதுவும் இல்லை. கட்டுப்பாட்டு அறை திருப்பிக் கேட்கும். நீங்கள் அதற்குள் போயிருப்பீர்கள்.

இதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "எர்ணாவூர், இன்ன தெரு, கதவு எண் இது, இன்ன கோயிலுக்குப் பின்புறம். முதல் மாடியில் 6 பேர். அதில் ஒருவர் டயாலிசிஸ் நோயாளி, நாளை காலை மருத்துவமனையில் இருக்க வேண்டும். தெருவில் தண்ணீர் மார்பளவு. படகு தேவை. மாலை 4.10." கீழே உங்கள் பெயர். இவ்வளவுதான். இடம், எண்ணிக்கை, நிலை, தேவை, நேரம். நேரத்தை மறக்கவே கூடாது. மாலை நான்கு மணிச் செய்தி இரவு ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தால், அது பழையது என்று தெரிந்தால்தான் படகு வீணாக வராது.

அடையாளம் சொல்வதில் இன்னொரு சிக்கல். காந்தி நகர், நேரு நகர், அம்பேத்கர் நகர் சென்னையில் எத்தனை! பெரியகுப்பம், சின்னக்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாக இருக்கும் கடற்கரையில், இரைச்சலுக்கு நடுவே கேட்பவருக்கு 'குப்பம்' மட்டும்தான் காதில் விழும். ஆகவே தெருப் பெயரோடு அசைக்க முடியாத ஓர் அடையாளத்தையும் எழுதுங்கள்: பாலம், ரயில்வே கேட், பள்ளி, கோயில், தேவாலயம், மசூதி.

எண்களுக்கும் இதே பாடு. இருபது, அறுபது, எழுபது மூன்றும் வால் ஒன்றாக இருப்பதால் ரேடியோவில் குழம்பும். அனுபவப்பட்ட ஹாம் "அறுபது பேர், ஆறு, பூஜ்யம்" என்று இலக்கத்தைப் பிரித்து இரண்டாம் முறை சொல்வார். அவர் சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். ஆறு பேருக்கும் அறுபது பேருக்கும் ஒரே அளவு சாப்பாடு வராது.

ரேடியோவில் சொல்வது ரகசியமாக இருக்குமா? இருக்காது. ஹாம் அலையில் மறைகுறி (பிறருக்குப் புரியாதபடி மாற்றிய பேச்சு) பயன்படுத்தக் கூடாது என்பதே விதி. செட் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். ஆகவே வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், "வீடு பூட்டிக் கிடக்கிறது, நகை உள்ளே இருக்கிறது" போன்றவை சீட்டில் வேண்டாம். நோயாளியின் விவரம் தேவையான அளவு போதும்.

அப்படியானால் சாதாரண நாளில் என் சேதியை ஊருக்கு அனுப்பச் சொல்லலாமா? கூடாது. ஹாம்கள் தங்களுக்குள் பேசத்தான் உரிமம். வியாபாரம், விளம்பரம், பிறருக்காகச் சேதி கடத்துவது எதுவும் வழக்கமான நாளில் இல்லை. பேரிடரில் அந்தக் கட்டு தளர்கிறது. நாடு தாண்டிய தொடர்புக்கும் பன்னாட்டு ரேடியோ விதிகள் ஆபத்துக் காலத்தில் இதை அனுமதிக்கின்றன. பேரிடருக்கு ஆயத்தமாக ஹாம்களுக்கு இடம் கொடுக்கும்படி 2003 முதல் அரசுகளை ஊக்கப்படுத்தவும் செய்கின்றன.

நான் உரிமம் வாங்க என்ன செய்ய வேண்டும்? குறைந்தபட்ச வயது 12. தேர்வை நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. விண்ணப்பம் அவர்களுடைய சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. சென்னையில் இந்தத் துறையின் அலை கண்காணிப்பு நிலையம் பெருங்குடியில் இருக்கிறது. இரண்டு நிலைகள் உண்டு. கட்டுப்பட்ட நிலைக்கு ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும் படித்தால் போதும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பொது நிலைக்கு இவற்றோடு மோர்ஸும் (புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் தந்தி மொழி) கற்க வேண்டும், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில்.

பத்தாம் வகுப்பு இயற்பியல் புரிந்த பிள்ளைக்குக் கட்டுப்பட்ட நிலை எட்டும் தூரம்தான். தேர்வு, விண்ணப்பம், சரிபார்ப்பு என்று உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகும். அடுத்த மழைக்காலத்துக்குத் தயாராக வேண்டும் என்றால் இந்த ஆண்டே தொடங்க வேண்டும். தனியாகத் தொடங்குவது கடினம். மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி போன்ற அமைப்பில் பழைய ஹாம்கள் சொல்லித் தருவார்கள். அவர்களுக்குப் பேசப் பிடிக்கும், நீங்கள் கேட்கத் தயாராக இருந்தால் போதும்.

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கி டாக்கி கிடைக்கிறதே, வாங்கி வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம். உரிமமில்லாமல் அத்தகைய செட்டை வைத்திருப்பதே குற்றம். பேசினால்தான் தப்பு என்பதில்லை. விவரம் சொல்லாமல் இவற்றை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் ஆபத்து இருக்கிறது. தெரியாத கையில் அந்தச் செட் காவல்துறை, தீயணைப்பு, துறைமுக அலைவரிசையில் போய் விழுந்தால், மீட்புப் பேச்சையே அது மூடிவிடும்.

உரிமம் வேண்டாத வகையும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் சிறிய செட்டுகளுக்கு 2018 விதிகள் விலக்கு தருகின்றன. ஒரு தெருவுக்குள், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள், மாடிக்கும் வாசலுக்கும் நடுவே பேச இது உதவும். எழிலகத்தை எட்டாது, எட்டும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல ஏற்பாடு ஒன்று சொல்கிறேன்: தெருவுக்கு ஒரு சின்ன செட், அவை எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஒரு ஹாம். தெருச் செய்தியைச் சின்ன செட் கொண்டுவரும், நகரத்துக்கு ஹாம் கடத்துவார்.

மீனவர் வீடுகளில் கேட்கக்கூடிய கேள்வி: படகில் வி.எச்.எஃப். செட் இருக்கிறதே, அதே வேலையை அது செய்யாதா? கடலில் அதுதான் சரியான கருவி. அதன் 16ஆம் சேனலைக் கடலோரக் காவல்படையும் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அது கடல் அலைவரிசை. ஹாம் செட்டோடு அது பேசாது, கரையில் ஊர்ப் பேச்சுக்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சாலைகள், ஒன்றுக்குள் ஒன்று திரும்பாது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் இருக்கிறது.

இங்கே ஹாம் ரேடியோவால் ஆகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணறத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவு வேண்டியிருந்தது சைரனும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற அறிவிப்பும். நிமிடத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்ல வேண்டியதை ஹாம் ரேடியோ சொல்லாது. அது ஆலையின், அரசின் வேலை. ஹாம் இருக்கிறார் என்று அந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழித்துவிடக் கூடாது.

காற்றின் திசையை மட்டும் நீங்களே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாயு வரும் திசைக்கும் போகும் திசைக்கும் குறுக்காக நகர வேண்டும், மூக்கில் ஈரத்துணியோடு. காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

உரிமம் வாங்கும் எண்ணமே இல்லை, எனக்கு இதில் வேலை உண்டா? நிறைய உண்டு. உங்கள் வட்டாரத்தில் ஹாம் யாராவது இருக்கிறாரா என்று மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள். வினோதமான கம்பிகள் நிற்கும் மொட்டை மாடியைக் கண்டால் பெரும்பாலும் அவர் வீடுதான். உங்கள் கட்டடம் தெருவிலேயே உயரமானது என்றால், ஆபத்து நாளில் ஆன்டெனா வைக்க மாடிச் சாவியைத் தருவதாகச் சொல்லுங்கள். குடியிருப்போர் சங்கம் அதைக் கூட்டத்தில் பேசி எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அன்றைக்குச் சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்காது. சுனாமிக் குடியிருப்பு போன்ற அடுக்கு வீடுகளில் மேல்தளத்தில் யார் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சைக்கிளிலோ நடந்தோ போய்ச் சீட்டு சேர்க்கும் இளைஞர்கள் தேவை. ரேடியோ முன்னால் இருப்பவர் எழுந்து தெருத்தெருவாகப் போக முடியாது. பதில் வந்தால் அதை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆள் வேண்டும். இதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.

தண்ணீர் புகாத கவரில் இப்போதே ஒரு தாள் எழுதி வையுங்கள்: வீட்டு முகவரி அடையாளத்தோடு, ஆட்களின் பெயர், வயது, தினமும் தவறக் கூடாத மருந்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரின் பெயரும் போன் எண்ணும். எல்லா எண்ணும் போனில் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் போன்தான் அணைந்திருக்கும். உறவினர் வெளியூரில் இருப்பது நல்லது. சென்னையில் இருந்தால் அவர் போனும் அதே மழையில் படுத்திருக்கும். வெளியூர் ஹாம் ஒருவர் செய்தியை வாங்கி, தன் ஊரிலிருந்து அவருக்குச் சாதாரணமாகப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். துபாயில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உறவினரே சொல்லிக்கொள்ளட்டும், ஒரு செய்தியில் முடிந்துவிடும்.

பேட்டரியில் ஓடும் பழைய எஃப்.எம். ரேடியோவைத் தூக்கிப் போடாதீர்கள். 101.4இல் ஆகாசவாணி ரெயின்போ ஒரு பக்கச் செய்தியையாவது உங்களுக்குக் கொண்டுவரும்.

போன் வேலை செய்யும் வரை முதலில் போனையே நம்புங்கள். 112, மருத்துவத்துக்கு 108, மாநிலப் பேரிடர் உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913. பேச்சு போகாவிட்டாலும் சில சமயம் எஸ்.எம்.எஸ். போய்விடும், முயன்று பாருங்கள். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஹாமின் வேலை தொடங்குகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும்: செய்தி கொடுத்தாகிவிட்டது, போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு செய்திக்கும் ஹாம் ஓர் எண் போடுவார். எதிர்முனை அதே எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. சீட்டு கொடுக்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து ஆளனுப்பி "பதினேழாம் நம்பர் போச்சா?" என்று கேட்டால் போதும். அவர் நோட்டைப் பார்த்து, போன நேரத்தைச் சொல்வார்.